படகுக்காரனுக்கு ஒன்பது இதயம்

கரண்டு போய்த் தறிகள் நின்றதும் சென்னியப்பனுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. அந்த ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான். சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள், சத்தம் நின்றால் யாரோ தோளைத் தொட்டு உலுக்கினது போல எழுந்து உட்காருவார்கள். அவன் உட்காரவில்லை. மில்லில் மூன்றாம் ஷிப்டு முடித்து எட்டரைக்கு வந்து, மூன்று இட்லியைத் தண்ணீர் குடித்து இறக்கி, ஜன்னலுக்குப் பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் படுத்தது. மணி இப்போது ஒன்பதரை இருக்கும், பத்துகூட இருக்கும். போர்வையின் ஓட்டை வழியாக வெயில் சுவரில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது. மூக்குக்குள் இன்னும் பஞ்சு, காதுக்குள் இன்னும் மிஷின். அதற்கெல்லாம் அடியிலிருந்து, தண்ணீருக்குள் மணியை ஆட்டினது போல, முன்னறையிலிருந்து அந்தப் பாட்டு வந்தது. படகுத்துறைப் பாட்டு. பெண்டாட்டி தங்கமணி அங்கே போய்விட்டாள். வயலில் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது, கோழிக்குத் தீனி போட்டாகிவிட்டது, இப்போது ஏரிக்கரைக்கு நடந்து போய் அவன் முன்னால் நிற்கிறாள். ஓர்மன் முன்னால். போன் விளையாட்டுக்குள் இருக்கிற ஒரு பொம்மை ஆள், தாடி வைத்தவன், கிழிந்த பூட்சு போட்டவன், படகு ஓட்டுகிறவன். அவனைப் பற்றிச் சென்னியப்பனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. சொந்தத் தம்பி எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஓர்மனுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, மழை பெய்தால் எங்கே போய் நிற்பான், எல்லாம் படுத்தபடியே காதால் படித்த பாடம். பதினாலு மாதம். அந்தப் பக்கம் மெதுவாக ஒரு சிரிப்பு கேட்டது. வாய்விட்டுச் சிரித்ததுகூட இல்லை, மூக்கால் விட்ட காற்று. அந்தக் காற்று தன் பக்கம் வீசி எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான், திரும்பின பக்கம் வெயில் பொட்டு கண்ணிலேயே விழுந்தது.

மகள் நிவேதா கல்யாணமாகி ஓசூர் போவதற்கு முன்னால் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு அது. அம்மா தனியா உக்காந்து மோட்டு வளையப் பாத்துட்டு இருக்குமாம், அதற்காக. வெளிநாட்டுக்காரன் செய்த விளையாட்டைத் தமிழில் மாற்றியிருந்தார்கள், பள்ளிக்கூடப் புத்தகத் தமிழ். முதல் நாள் அந்த ஓர்மன் சொன்னானாம், யார் நீ, என் துறையில் உனக்கு வேலை இல்லை, போ. அதைத் தங்கமணி அடுத்த வீட்டு மரகதத்திடம் அவனைப் போலவே முறைத்துக்கொண்டு சொல்லிக் காட்டி இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சென்னியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவனை இவனுக்குப் பிடித்தும் இருந்தது, ஆம்பளைன்னா அப்படித்தான் இருக்கோணும் என்றுகூடச் சொன்ன ஞாபகம். பிறகு இவள் தினமும் ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும், அதுதான் சட்டம். காட்டுப்பூ, சோளக்கதிர், வறுத்த மீன். கொடுக்கக் கொடுக்க அவன் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு இதயம் நிறையும். நாற்பதாம் நாளோ ஐம்பதாம் நாளோ, நீயா, மழை வரும்போல் இருக்கிறது, சீக்கிரம் வீடு போய்ச் சேர் என்றான். முதல் நாள் சொன்னதும் போ, அன்றைக்குச் சொன்னதும் போ. ஆனால் இரண்டாவது போவைக் கேட்டுவிட்டு அவள் அடுப்பில் பாலை வைத்ததை மறந்து உட்கார்ந்திருந்தாள், பால் பொங்கி வழிந்தது. அப்புறம் ஒரு நாள், உனக்காகக் காத்திருந்தேன். அந்த வார்த்தைதான். அந்த வார்த்தையில் சென்னியப்பனின் மனசு ஆணியில் மாட்டின துண்டு போல மாட்டிக்கொண்டு கிழிகிறது. காத்திருந்தேன். எந்த வீட்டில் எவன் அப்படிப் பேசுகிறான். சோத்தப் போடு, விளக்க அணை, எங்க போய்த் தொலைஞ்ச, இப்படித்தான் வீடு பேசும். எங்க போய்த் தொலைஞ்ச என்றாலும் அதுதானே அர்த்தம், காத்திருந்தேன் என்றுதானே அர்த்தம். அதை இவள் மொழிபெயர்த்துக்கொள்ள மாட்டாளா. வெளிநாட்டுக்காரன் பேசினதை மட்டும் ஒருத்தன் உட்கார்ந்து மொழிபெயர்த்துத் தருகிறான், அதைப் படித்துவிட்டு இவள் பாலைப் பொங்கவிடுகிறாள். பொம்மைமேல பொறாமைப்படற ஆளு என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டினால் குறையவில்லை. ஓர்மனுக்கு ஷிப்டு இல்லை. புருவத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிழவன் போல வீட்டுக்கு வர வேண்டியதில்லை. குறட்டை இல்லை, வியர்வை நாற்றம் இல்லை. இவள் போனை அணைத்தால் அவனும் அணைந்துவிடுவான், அணைந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பான். மறுபடி இவள் போகிறவரைக்கும் வேறு வேலை கிடையாது. அப்படி நிற்க எந்த மனுசனால் முடியும். ஒரு தடவை, வெட்கத்தை விட்டு, மகளிடம் போனில் கேட்டேவிட்டான். அந்தப் படகுக்காரன் நெசமாவே எங்கியோ இருந்து பேசற ஆளா சாமி? அவள் சிரித்தாள். இல்லீங்கப்பா, எல்லாம் எழுதி வெச்சிருக்கறது, நாம குடுக்கக் குடுக்க நல்லவனாயிருவான். குடுக்கலீன்னா? குடுக்கலீன்னா மொத நாளாட்டமேதான் இருப்பான். அந்தப் பதிலோடு அன்றைக்கு ராத்திரி முழுக்க மிஷினுக்கும் மிஷினுக்கும் நடுவில் நடந்தான்.

குடுக்கக் குடுக்க. அப்படியானால் தனக்கு அவள் கொடுத்தது என்ன. இருபத்து நாலு வருசம் டிபன் பாக்ஸ் கொடுத்தாள். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று என்று தட்டை வாசலில் வீசியவன் இவன்தான், தட்டு உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது, அவள் அதை எடுத்து மூன்று தடவை சாம்பல் போட்டுக் கழுவி மறுபடி அதிலேயே சோறு போட்டாள். யார் நீ, என் துறையில் உனக்கு வேலை இல்லை, போ. அதையேதான் இவனும் சொல்லியிருக்கிறான், வேறு வார்த்தையில். பிறகு இவன் மாறவில்லையா. குடியை விட்டு ஒன்பது வருசம். கேட்டைப் படாரென்று சாத்துகிறவன், காலையில் அவள் அசந்திருப்பாள் என்று கொண்டியைத் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிக்கொண்டான். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அரிசியைக் கருகவிட்டுக் கஞ்சி காய்ச்சினான். இதெல்லாம் இதயம் இல்லையா. ஓர்மனுக்கு ஒரு இதயம் நிறைந்தால் சலங்கை கட்டினது போல ஒரு சத்தம் வரும், பெயர் பக்கத்தில் சிவப்பு ஏறும். இவன் கொண்டியைத் தூக்கி வைத்த அத்தனை காலையிலும் ஒரு சத்தமும் வரவில்லை. சத்தமே வரக்கூடாது என்றுதானே தூக்கி வைத்தான். இவன் கனிந்தது இவனுக்கு மட்டும் தெரியும். கனிந்துகொண்டு வரும்போதே அவள் எங்கேயோ, நாலாவது இதயத்திலோ ஐந்தாவதிலோ, போதும் என்று கொடுப்பதை நிறுத்தியிருக்க வேண்டும், அது எந்த நாள் என்று தெரிந்தால் அந்த நாளுக்குப் போய் நிற்கலாம். மில்லில் நூல் அறுந்தால் மிஷின் ஓடும்போதே விரல் நுனியால் ஒட்டிவிட வேண்டும், நிறுத்திவிட்டு ஒட்டுகிற வேலையே இல்லை. இவன் கை அதில் பேர்போன கை, புதிதாக வருகிறவர்களை இவன் பக்கத்தில்தான் நிறுத்துவார்கள். வீட்டில் மிஷின் மூன்று வாரமாக நின்றே போயிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். கறி எடுத்து, வாழை இலை போட்டு, எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பரிமாறி முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து, அன்றைக்கு இன்னும் ஓர்மனுக்குக் கொடுக்கவில்லையே என்று போனை எடுத்தாள், அவ்வளவுதான், இரண்டு நிமிசம் ஆகியிருக்காது. இவன் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் படகுக்காரன்கூடவே போய்க் குடும்பம் நடத்து, நானாச்சும் நிம்மதியா இருப்பேன். மாப்பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டார். அப்பா, என்றாள் நிவேதா. தங்கமணி எழுந்து மோர் கொண்டுவந்து ஊற்றினாள். சேரிங்க என்றாள். அன்றையிலிருந்து அந்தச் சரி என்ற ஒரு வார்த்தைதான். சாப்பாடு வெக்கட்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, வைத்துவிடுவாள். இவன் எதைச் சொன்னாலும் சேரிங்க. திட்டியிருக்கலாம். அவள் திட்டினால் நன்றாகத் திட்டுவாள், பழைய கதையெல்லாம் வரிசையாக வரும், இவன் ஷிப்டுக்குப் போகிறவரை வரும். அது வராமல் இந்தச் சேரிங்க, கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்ட சத்தம். முந்தாநாள் சொன்னாள், புதங்கெழம மூணு மணி பஸ்ஸுக்கு நிவேதா வீட்டுக்குப் போறனுங்க. எத்தன நாளு என்று கேட்டான். பாக்கலாங்க என்றாள். மூன்று வாரத்தில் சேரிங்கவைத் தாண்டி அவள் சொன்னது அது ஒன்றுதான். இன்றைக்குப் புதன்கிழமை. பை முன்னறை மூலையில் கட்டி வைத்திருக்கிறது, காலையில் வந்தவுடன் பார்த்தான். அவள் முகம் கழுவப் போனபோது ஜிப்பை இழுத்தும் பார்த்தான், திருடனாட்டம். சேலைக்கு அடியில் ஆதார் கார்டும் பேங்கு புஸ்தகமும் ரப்பர் போட்டு. பத்து நாளில் திரும்புகிறவள் ஆதார் கார்டை எதற்கு எடுக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு எதற்காவது நிவேதா கேட்டிருப்பாள். இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரிடம் சொல்லியிருப்பாள், இவனிடமா. ஓர்மனிடம் சொல்லியிருப்பாள். போகாதே என்று ஒரு வார்த்தை. மூணு மணிக்குள் அதைச் சொல்ல வேண்டும். மன்னிச்சுக்க என்றுகூட வேண்டியதில்லை, அந்த வார்த்தை இந்த வீட்டுச் சுவருக்கே தெரியாது. போகாதே போதும். மூணு எழுத்து. இட்லி தின்னும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தான், சட்டினியில உப்புப் பத்தல என்றுதான் வந்தது. சேரிங்க என்றாள்.

முன்னறையில் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மரகதத்திடம் பேசினாள். அவளிடம் மட்டும் பேச்சு நன்றாக வந்தது. "இன்னிக்கு ஒண்ணு குடுத்தா இதயம் பத்து ஆயிரும் மரகதம். தாமர வெத எடுத்து வெச்சிருக்கறன். பத்தாயிட்டா அவன் படகுல ஏத்தி அக்கரைக்குக் கூட்டிட்டுப் போவானாமா." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கரையில என்னக்கா இருக்குது" என்று கேட்டது. "தெரியல. போனாத்தான் தெரியும்." போனாத்தான் தெரியும். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தான். அவள் இன்றைக்குப் படகில் ஏறிவிட்டால் பஸ்ஸிலும் ஏறிவிடுவாள் என்று பட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும், தூக்கம் கெட்ட மண்டைக்கு எது சம்பந்தம் எது இல்லை. படகு புறப்படக் கூடாது. அது புறப்படவில்லை என்றால் இன்னொரு நாள் இருப்பாள், நாளைக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருப்பாள், இல்லை, போன்தான் கூடவே போகுமே, ஓசூரில் உட்கார்ந்து கொடுப்பாள். மடையன். அப்போது தெருவில் குடம் உருளுகிற சத்தம் கேட்டது. மரகதம் சுவரைத் தட்டினாள். "அக்கா, நல்ல தண்ணி வந்துருச்சு, ஓடியாங்க." எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற குடி தண்ணீர், வந்தால் அரை மணி, அந்த அரை மணியில் பிடித்தால் பிடித்தது. நல்ல தண்ணி என்றால் அந்தத் தெருவில் பொணத்தைப் போட்டுவிட்டும் ஓடுவார்கள். தங்கமணியின் கொலுசு வாசலைத் தாண்டியது. பாட்டு மட்டும் முன்னறையில் அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து போனதை அவனே பின்னால் நின்று பார்ப்பது போல் இருந்தது. போன் பாயில் மல்லாந்து கிடந்தது. ஏரி, மரப்பலகைத் துறை, தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் பொம்மை, அதுதான் தங்கமணியாக இருக்க வேண்டும், இவ்வளவு ஒல்லியா. எதிரே அவன். இத்தனை நாள் காதால் கேட்டவனை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தான். கட்டை விரல் அளவுகூட இல்லை. தாடியில் நாலு கட்டம் பழுப்பு. இவனா. பெயருக்குப் பக்கத்தில் ஒன்பது சிவப்பு, ஒரு காலி. பை மாதிரி இருந்த படத்தைத் தொட்டான், அவள் சேர்த்து வைத்ததெல்லாம் கடை போல விரிந்தது. தாமரை விதை முதல் கட்டத்தில், ஒன்றே ஒன்று. கடைசிக் கட்டத்தில், கெட்டுப்போன மீன். எருவுக்காக வைத்திருப்பது, தெரியும், எல்லாம் தெரியும். அதை ஓர்மனுக்குக் கொடுத்தால் அவன் சுயரூபம் வெளியே வரும். பதினாலு மாதம் பூசி வைத்த பூச்சு உதிர்ந்து, போ என்பான். அதை அவள் வந்து பார்க்கட்டும். நூல் ஒட்டி ஒட்டிக் காய்த்துப்போன விரல், மூன்று தடவை அழுத்தினான், நாலாவது தடவைதான் அந்தக் கண்ணாடி அவனை ஆள் என்று மதித்தது. மீன் போய்விட்டது. ஓர்மனின் வாய்க்குக் கீழே எழுத்து ஓடியது. 'இதைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாய். இன்று உனக்கு மனம் சரியில்லை போலும். பரவாயில்லை, உட்கார். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.' சென்னியப்பன் அதை இரண்டாம் தடவை படித்தான், மூன்றாம் தடவை படித்தான். ஒன்பதாவது இதயத்தில் பாதி வெளுத்துப்போயிற்று, ஆனால் அவன் முகம் மாறவில்லை. உன்ன அடிச்சாலும் இப்படியேதான் நிப்பியாடா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. உட்கார் என்றதுக்கு, கால் தானாக மடங்கிப் பாயில் உட்கார்ந்துவிட்டிருந்தான். இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாய். அதை எவனும் தன்னிடம் சொன்னதில்லை. தானும் எவரிடமும் சொன்னதில்லை. இப்போதும் பொறாமைதான், ஆனால் வேறு மாதிரிப் பொறாமை.

வாசலில் நிழல் தட்டியது. தங்கமணி இடுப்பில் குடத்தோடு நின்றாள், சேலை முன்பக்கம் நனைந்திருந்தது.

"போன எதுக்குங்க எடுத்தீங்க?"

அவளாகக் கேட்ட கேள்வி. இருபத்தொரு நாளில் முதல் தடவை.

"மீனக் குடுத்துட்டேன்."

"எந்த மீன?"

"கெட்டுப்போனத."

குடத்தை இறக்கி வைத்தாள். "அத எருவுக்கு வெச்சிருந்தனுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"ம்."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். திரை இருண்டுபோயிருந்தது. ஏரி போய்விட்டது, ஓர்மன் போய்விட்டான். இப்போது பழைய கதையெல்லாம் வரிசையாக வரும் என்று சென்னியப்பன் காத்திருந்தான், வந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் கேட்டது வேறு.

"அவன் என்ன சொன்னான்?"

சொல்லத்தான் வேண்டும். புத்தகத் தமிழ் அவன் வாய்க்கு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இந்தக் கருமத்தக் கையில புடிச்சிக்கிட்டு இத்தன தூரம் நடந்து வந்திருக்கறயே. இன்னிக்கு உனக்கு மனசு செரியில்லையாட்ட இருக்குது. பரவால்ல, உக்காரு. நா ஒண்ணும் கேக்கமாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் தன் வாயில் இருந்து அவளைப் பார்த்து வந்திருப்பது அவனுக்கு உறைத்தது. காது சூடாயிற்று.  அவள் சுவரோரமாகக் கிடந்த கட்டிலின் விளிம்பில், முழுதாக இல்லாமல் பாதியாக, உட்கார்ந்தாள்.

"அது எல்லாருக்கும் சொல்றதுதானுங்க. நிவேதா ஒருக்கா கை தவறி அதையே குடுத்துட்டா, அவகிட்டயும் இப்படித்தான் சொன்னானாமா."

எல்லாருக்கும் சொல்கிறவன். சென்னியப்பனுக்கு ஒரு நொடி குளிர்ந்தது, அப்புறம் அந்தக் குளிரைப் பார்த்து வெட்கமாக இருந்தது.

"ஆனா நீங்க சொல்லி இப்பத்தான் கேக்கறன்" என்றாள்.

வாசலில் தண்ணீர்ச் சண்டை கேட்டது. ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். இப்போது விட்டால் அந்த மூணு எழுத்து தறி ஓட ஆரம்பித்த பிறகு சத்தத்தில் செத்துப்போகும் என்று நினைத்தான். வாயைத் திறந்தான். போகாதே வரவில்லை. அதைவிடப் பெரியதுதான் வந்தது.

"ஏம்புள்ள, போனா திரும்பி வருவயா?"

அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். தண்ணீர் சிமெண்டுத் தரையில் சொட்டியது. "வரக்கூடாதுன்னுதான் பையக் கட்டினேன்" என்றாள், கோபமில்லாமல், காய் என்ன விலை என்று சொல்வது போல. அவன் தலையை ஆட்டினான். தெரியும் என்று ஆட்டினானா, சரி என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியவில்லை. இருபத்து நாலு வருசத்தில் அவள் எத்தனை தடவை பையைக் கட்டி அவிழ்த்தாளோ, அப்போதெல்லாம் இவன் போர்வை தொங்கவிட்ட அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்திருப்பான்.

"தங்கமணியக்கா" என்று மரகதம் தெருவிலிருந்து கத்தினாள். "உங்க கொடம் நெம்பி வழியுது. அடுத்த ஆளுக்கு உடறதா வேண்டாமா?"

"இன்னும் ஆறு கொடம் இருக்குது" என்றாள் தங்கமணி, எழுந்துகொண்டே. அவனைப் பார்த்துச் சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். பகல் வெளிச்சம் அறைந்தது. இந்நேரத்துத் தெருவை அவன் பார்த்ததே கிடையாது, இவ்வளவு பெண்கள், இவ்வளவு நிறக் குடங்கள். எல்லோரும் திரும்பினார்கள். இரண்டு குடத்தை இரண்டு கையில் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்கு முழங்காலில் இடித்து இடித்துத் தண்ணீர் தளும்பியது. மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்கண்ணா, சூரியன் மேக்க மொளச்சிருச்சா. அக்கா ஊருக்குப் போறாங்கன்னதும் பயந்துட்டீங்களா?"

அவன் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். அதற்குள் குழாயடியில் குனிந்திருந்த தங்கமணி நிமிராமலே சொன்னாள். "ஆமா. பயந்துட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. அவள் அதைச் சிரிக்கிற மாதிரிச் சொல்லவில்லை. சென்னியப்பன் தெரு நடுவில் குடத்தோடு நின்றான். மூன்று வாரமாகத் தனக்கு என்ன என்று தேடிக்கொண்டிருந்ததை ஒரே வார்த்தையில் அவள் வெயிலில் எடுத்து வைத்துவிட்டாள், இவன் மறுக்கவில்லை. கடைசிக் குடம் நிறையும்வரை அவள் பக்கத்தில் நின்றான். தண்ணீர் மெலிந்து, நூலாகி, காற்றை ஊதிவிட்டு நின்றது.

"மூணு மணிக்குப் பஸ் இருக்குது" என்றாள் அவள், குடத்து வாயைத் துணியால் மூடிக்கொண்டே. "அடுத்த தண்ணிக்கு நீங்கதான் புடிச்சு வெக்கோணும். தூங்கிப் போயறாதீங்க, மரகதத்துகிட்ட எழுப்பச் சொல்றன். அதுக்கடுத்த தண்ணிக்கு நான் வந்துருவன்."

எட்டும் எட்டும் பதினாறு.

"அவனுக்கு?" என்று கேட்டான், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

"எவனுக்கு? ஓ." அவள் மூக்கால் ஒரு காற்று விட்டாள். "அர இதயந்தான போச்சு. நாளைக்கு நிவேதா வீட்டுல உக்காந்து செரி பண்ணிக்கறன்."

சேலம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம். பிறகு தர்மபுரி, பிறகு ஓசூர். பதினாறு நாள் அவள் கைக்குள், மடிக்குள், தலைமாட்டில் அந்தத் தாடிக்காரன் இருப்பான். ஒரு வேளை அக்கரைக்கே கூட்டிப் போய்விடுவான். அக்கரையில் என்ன இருக்கிறது என்று அவள் வந்துதான் சொல்ல வேண்டும். கரண்டு வந்து தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின, இனி எதைச் சொன்னாலும் கேட்காது. சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டே கடைசிக் குடத்தைத் தூக்கினான்.